வடக்கு நெடுஞ்சாலையில் ஒரு வகுப்பறை

வார நாளில், காலை பத்து மணிக்கு, எட்டு வயதுப் பிள்ளையோடு ஏதாவது ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். தே தாரிக் மேசைக்கு வருவதற்குள் கேள்வி வந்துவிடும். "இன்னிக்கு ஸ்கூல் இல்லையா பாப்பா?" கேட்பவர் தமிழராக இருந்தால் பார்வை பிள்ளையிடமிருந்து அம்மாவின் பக்கம் திரும்பும். "உடம்பு சரியில்லையா?" என்பார்கள். "ஹோம்ஸ்கூலிங்" என்று சொன்னால் அடுத்த கேள்விக்கு முன்னால் சின்ன மௌனம்.

அந்த மௌனம் எங்களுக்குப் பழகிவிட்டது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. வீடு கிள்ளானில். கணவருக்குத் தொழிற்சாலைகளின் குளிரூட்டும் அறைகளைப் பராமரிக்கும் வேலை. மாதத்தில் பாதி நாள் பேராக்கிலும் கெடாவிலும்தான் இருப்பார். நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மடிக்கணினி இருந்தால் எந்த ஊரிலும் என் வேலை நடக்கும். அப்பாவை மாதத்தில் பாதி நாள்தான் பார்ப்பது என்றிருந்த வீட்டில், வீட்டுக்கல்வி பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

இது நினைத்தவுடன் செய்கிற காரியமல்ல. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். ஆறு வயதான பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறவர்கள் கல்வி அமைச்சிடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நாங்களும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தோம்.

சட்டத்தின் கதவைவிடக் கடினமான கதவு வீட்டிலேயே இருந்தது. என் மாமியார் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 1816ல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இந்த நாட்டில் எத்தனை பேர் தோள்மீது நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். 150 பேருக்கும் குறைவான மாணவர்களோடு நடக்கும் பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கத்தில் முதல் வகுப்புக்கு எத்தனை பிள்ளை வரும் என்று விரல்விட்டு எண்ணியவர். அவர் என்னிடம் கோபப்படவில்லை. இரண்டே கேள்விகள்தான் கேட்டார்.

"உன் வீட்டுல பிள்ள படிக்கும், சரி. அங்க ஒரு நாற்காலி காலியா இருக்குமே, அதுக்கு என்ன சொல்ற?"

"உன்கிட்டயும் அவன்கிட்டயும் மட்டும் பேசுற தமிழ் எத்தன நாளைக்கி நிக்கும்?"

இந்த இரண்டு கேள்விகளையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் நாங்கள் வடக்கே போகிறோம். ஐந்து நாள் பயணம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

பயணத்துக்கு முன் பாடம்

வீட்டில் இருக்கும் நாள்களில் எங்கள் ஒழுங்கு எளிமையானது. காலையில் பசியாறியதும் இரண்டு மணி நேரம் கணக்கு, தமிழ், மலாய், ஆங்கிலம். மகள் மேசையில், மகன் மேசைக்கு அடியில். பிறகு துணி காயப்போடுவது, சந்தைக்குப் போவது. காய்கறி வாங்கி மீதிச் சில்லறை எண்ணுவது மகளின் வேலை. பிற்பகல் அவர்களுடையது. ஒரு வகுப்பில் முப்பது பேருக்கு எடுக்கும் நேரம் இரண்டு பேருக்குத் தேவைப்படாது என்பதால் நேரம் மிஞ்சும். மிஞ்சும் நேரத்தை என்ன செய்வது என்பதுதான் வீட்டுக்கல்வியின் உண்மையான வேலை.

பயணத்துக்கு மூன்று விதிகள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். ஆளுக்கு ஒரு நோட்டு, ஓர் இடத்துக்கு ஒரு கேள்வியாவது எழுத வேண்டும். மகன் படம் வரைவான். அந்த ஊரில் வேலை செய்கிற ஒருவரிடமாவது பேச வேண்டும். மூன்றாவது விதியை மகள் "ஆள் பாடம்" என்பாள்.

கோலகங்சாரில் ஒரு மரம்

கிள்ளானிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓட்டினால் கோலகங்சார். அரண்மனையும் தங்கக் குவிமாடப் பள்ளிவாசலும் பார்க்கத்தான் பலர் வருகிறார்கள். நாங்கள் போனது ஊருக்குள், மாவட்ட நில அலுவலகத்தின் அருகே வேலி போட்டு நிற்கும் ஒரு ரப்பர் மரத்தைப் பார்க்க.

பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. "இவ்வளவுதானா?" என்றான் மகன். ஆனால் கதை பெரிது. ரப்பரின் பிறப்பிடம் பிரேசில். 1876ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு, 1877ல், அங்கே முளைத்த 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்கு வந்தன. அன்றைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ தன் தோட்டத்தில் நட்டார். அந்தத் தலைமுறையில் மிஞ்சியது இந்த மரம்.

காரின் பின்னிருக்கையில் வைத்து மகளுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். 1877லிருந்து இன்றுவரை எத்தனை ஆண்டு? அவள் பாட்டியின் பாட்டி கப்பலேறி வந்தது எப்போது இருக்கும்? விடையைவிட அவள் நோட்டில் எழுதிய கேள்வி எனக்குப் பிடித்தது. "இந்த மரம் செத்துப் போயிருந்தால் நாம் எங்கே இருந்திருப்போம்?" மகன் மரத்தைச் சுற்றி வேலி வரைந்து, வேலிக்குள் எங்கள் நால்வரையும் நிறுத்தியிருந்தான்.

தைப்பிங்கில் தூங்கும் மரங்கள்

அன்றிரவு தைப்பிங்கில் தங்கினோம். தீபகற்பத்தில் மிக அதிகம் மழை பெய்யும் ஊர் என்ற பெயர் அதற்கு உண்டு. குடை எடுக்காமல் போகக்கூடாது. 1880ல் உருவான ஏரிப் பூங்கா, கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குழிகளில் நீர் தேங்கி அமைந்தது. மண்ணைக் குடைந்து விட்டுப்போன இடம் இவ்வளவு அழகாகுமா என்று பெரியவர்களுக்கே தோன்றும்.

ஏரியோரத்து மரங்களைப் பார்த்துவிட்டுப் போகாதவர் இல்லை. கிளைகள் சாலையைத் தாண்டி வளைந்து தண்ணீரைத் தொடுகின்றன. ஆங்கிலத்தில் அதற்கு மழைமரம் என்று பெயர். தமிழில் தூங்குமூஞ்சி மரம். பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஏன் அந்தப் பெயர் என்று நான் சொல்லவில்லை. மாலை ஐந்தரைக்கு ஒரு கிளையைக் காட்டி, "இந்த இலையை வரைந்து வையுங்கள்" என்றேன். ஏழு மணிக்கு அதே கிளையிடம் திரும்பினோம். விரிந்திருந்த சிற்றிலைகள் எல்லாம் கை கூப்பியதுபோல மூடியிருந்தன. "தூங்கிருச்சு!" என்று கத்தினான் மகன். மழை மேகம் கூடி வெளிச்சம் குறைந்தாலும் அப்படி மூடும்.

பாடப் புத்தகத்தில் இது அரைப் பக்கம். இங்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. பெயர் வைத்த யாரோ ஒரு தமிழர் மாலையில் நின்று பார்த்துத்தான் வைத்திருக்கிறார் என்பது மகளுக்குப் புரிந்தது. அன்று முதல் எந்தப் பெயரைக் கேட்டாலும் "ஏன் அப்படிக் கூப்பிடுறாங்க?" என்கிறாள்.

கோல செப்பெத்தாங்: பலகையும் குச்சியும்

தைப்பிங்கிலிருந்து அரை மணி நேரத்தில் கோல செப்பெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்குக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையேதான் போடப்பட்டது. சுமார் 13 கிலோமீட்டர். 1885 ஜூன் 1ஆம் நாள் திறந்தார்கள். தைப்பிங்கில் தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் காரணம். பாதை போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படைப்பிரிவுகளை வரவழைத்தார்கள்.

இன்று தண்டவாளம் இல்லை. கடைகளுக்கு நடுவே பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் நான்கு எழுத்துகள். ரோமன், ஜாவி, சீனம், தமிழ்.

மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இது கோயில் இல்லையே. நம்ம கடையும் இல்ல. இங்க ஏன் தமிழ் இருக்கு?"

அவளுக்குத் தெரிந்த தமிழ் எழுத்து கோயில் மண்டபத்தில் இருக்கும், மளிகைக் கடையில் இருக்கும், அம்மாவின் புத்தகத்தில் இருக்கும். சீனர்கள் மிகுந்த ஒரு மீனவ ஊரின் ரயில் பலகையில் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "இந்த ஸ்டேஷன்ல இறங்குனவங்கள்ல தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்சவங்க இருந்திருக்காங்க" என்றார் கணவர். அவள் அந்தப் பலகையை நான்கு எழுத்திலும் பார்த்து எழுதினாள். ஜாவியை இடமிருந்து வலமாக வரைந்தாள். பக்கத்துக் கடையில் மீன் கெரோப்போ விற்ற மாக்சிக், வலமிருந்து இடமாக எழுதிக் காட்டினார். அன்றைய ஆள் பாடம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தோம். இன்னொன்று காத்திருந்தது.

ஊரைச் சுற்றியிருப்பது மாத்தாங் சதுப்புநிலக் காடு. பரப்பு சுமார் 40,000 ஹெக்டேர். நூறு ஆண்டுக்கும் மேலாகத் திட்டமிட்டு வெட்டி, திட்டமிட்டு நட்டு வருகிறார்கள். ஓரிடத்தில் நட்ட பாக்காவ் மரத்தை 30 ஆண்டு கழித்துத்தான் வெட்டுவார்கள். அதுவரை இடையில் இரண்டு முறை நெருக்கத்தைக் குறைப்பார்கள். 15ஆம் ஆண்டில் நான்கடிக் குச்சி, 20ஆம் ஆண்டில் ஆறடிக் குச்சி. நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, அதிலிருந்து குச்சி எட்டும் தூரத்துக்குள் இருக்கும் மற்ற மரங்களை எடுத்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், வரைபடம் வேண்டாம். ஒரு குச்சி போதும்.

விடுதி முற்றத்தில் நாங்களும் அதைச் செய்தோம். பிள்ளைகளின் செருப்பு, தண்ணீர்ப் புட்டி, பொம்மை எல்லாம் மரங்கள். துடைப்பக் கட்டை நான்கடிக் குச்சி. ஒரு செருப்பைச் சுற்றி வட்டம் போட்டபோது, ஆரம் என்றால் என்ன என்று மகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இன்னிக்கு நட்டா நான் 38 வயசுல வந்து வெட்டலாம்" என்றாள் அவளாகவே.

வெட்டிய மரம் போகுமிடம் கரிச்சூளை. பனிக்கட்டி வீடு மாதிரி குவிந்த பெரிய செங்கல் சூளைகள், அத்தாப்புக் கூரைக்கு அடியில் வரிசையாக நிற்கும். பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நிற்கவைத்து, வாயில் நெருப்பு மூட்டி, பிறகு வாயை அடைத்துக் காத்திருப்பார்கள். எரித்து, ஆறவைத்து, கரி எடுக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகிறது.

நெருப்பைக் கவனித்துக்கொண்டிருந்த சீன அங்கிளிடம், உள்ளே என்ன நடக்கிறதென்று எப்படித் தெரியும் என்று மகள் மலாயில் கேட்டாள். அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். துளை வழியாக வரும் புகையை முகர்ந்தே நெருப்பைக் கூட்டவா குறைக்கவா என்று தீர்மானிப்பார்களாம். மகனையும் தூக்கி முகரவைத்தார். அவன் தும்மினான். நான்கு பங்கு மரம் போட்டால் ஒரு பங்கு கரிதான் வரும் என்றார். மிச்சம் எங்கே போனது என்பதை எழுதிக்கொண்டு வந்தோம். அந்த ஒரு கேள்வி அடுத்த இரண்டு வாரத்துக்கு அறிவியல் பாடமாக இருந்தது.

பால் மரத்தடியில்

மாமியாரின் இரண்டாவது கேள்விக்கு நேராகப் போய் நின்றது கெடாவில்தான். பீடோங் பக்கம், கணவருடன் வேலை செய்பவரின் பாட்டி, எழுபதைத் தாண்டியவர், இன்னும் ஒரு சிறு துண்டு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுகிறார். "வரணும்னா விடியுமுன்ன வாங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். ஏன் இருட்டில் என்று மகள் கேட்டாள். "வெயில் ஏறுனா மரம் பால் குடுக்காது கண்ணு" என்றார். குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதல், அதனால் பால் நன்றாக ஓடும். உளியைப் பட்டையில் சாய்வாக வைத்து ஒரே இழுப்பு. மெல்லிய சுருள் உதிர்ந்தது. வெள்ளைக்கோடு மெதுவாகத் திரண்டு மங்கில் சொட்டத் தொடங்கியது. ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. மரத்தைச் சாகடிக்காமல் நாளுக்கு நாள் பால் எடுக்கும் முறையை வகுத்தவர், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அதைக் கையால் செய்து காட்டியவர் இந்தப் பாட்டி.

மங்கு, உளி, ஒட்டுப்பால், காண்டா வாளி, பெரட்டு. ஒரு காலைப் பொழுதில் இத்தனை சொற்கள். விடியுமுன் தோட்டத்து மக்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்ததுதான் பெரட்டு. வெட்டில் காய்ந்து ஒட்டிக் கிடப்பது ஒட்டுப்பால்; அதை உருட்டிப் பந்தாக்கி மகன் கையில் கொடுத்தார். எந்தப் பாட நூலிலிருந்தும் நான் இந்தச் சொற்களைக் கற்பித்திருக்க மாட்டேன். எனக்கே அவற்றில் இரண்டு புதிது. வீட்டில் தமிழ் என்றால் சாப்பிடு, தூங்கு, பல் தேய், சண்டை போடாதே. பிள்ளைகளுக்கு அது அம்மா அப்பாவின் மொழி. இந்தப் பாட்டியிடம் அது உளி பிடிக்கும் மொழி. வேறு வாயிலிருந்து, வேறு வேகத்தில், வேறு கோபத்தோடும் சிரிப்போடும் வந்தபோது பிள்ளைகள் கூர்ந்து கேட்டார்கள். சில சொற்களை அவர் சொன்னபடியே திருப்பிச் சொன்னார்கள்.

வெளுத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து கோப்பி குடித்தோம். மகள் பள்ளிக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கோப்பியைக் கீழே வைத்தார்.

"நான் மூணாவதோட நின்னேன். தம்பி தங்கச்சியப் பாத்துக்கணும்னு நிறுத்திட்டாங்க. பள்ளிக்கூடத்து மணி அடிக்கிறப்ப லயத்து வாசல்ல நின்னு அழுவேன். நீங்க போகலாம், ஆனா போக மாட்டேங்கிறீங்க?"

எனக்குப் பதில் இருந்தது. சட்டம், விலக்கு, பாடத்திட்டம் எல்லாம் சொல்லலாம். அந்தத் திண்ணையில் அவை எதுவும் எடுபடாது என்று தெரிந்ததால் சும்மா இருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினார். ஊர்க் கோயில் திருவிழா அழைப்பிதழ். "படி" என்றார். மகள் நிறுத்தி நிறுத்தி, உபயதாரர் பெயர்கள் வரை படித்தாள். 'பூச்சொரிதல்' என்ற இடத்தில் திணறியபோது பாட்டியே எடுத்துக்கொடுத்தார். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நல்லாத்தான் படிக்கிறா. சரி, யார்கூட விளையாடுவா?"

மாமியாரின் இரண்டு கேள்விகளோடு புறப்பட்ட நாங்கள் மூன்று கேள்விகளோடு நின்றோம்.

கடாரத்தில் கூரையைத் தேடி

சுங்கைப்பட்டாணியிலிருந்து மெர்போக்குக்கு அரை மணி நேரம்தான். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்திலேயே ஓடையோரமாகப் படியேறினால் புக்கிட் பத்து பாஹாட் சண்டி. கருங்கல் அடித்தளம், முன்னால் மண்டபம், பின்னால் கருவறை இருந்த விமானப் பகுதி. குவாரிட்ச் வேல்ஸ் தம்பதி 1930களில் இந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தார்கள். பிறகு 1959-60ல் அலஸ்டர் லாம்ப் இந்தக் கோயிலின் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார்.

"கூரை எங்கே?" என்று கேட்டாள் மகள். நான் பதில் சொல்லாமல் தரையில் இருந்த தூண் அடிக்கற்களைக் காட்டினேன். அவற்றில் குழிகள். பிள்ளைகள் இருவரும் குழிகளை எண்ணினார்கள், விரலை விட்டுப் பார்த்தார்கள். கல் தூண் நின்ற இடம் என்றால் உடைந்த தூண் கிடக்க வேண்டுமே? கால் மணி நேரம் கழித்து மகள் சொன்னாள். "மரத்தூண். மக்கிப் போச்சு. கூரையும் மரம்தான்." ஆய்வாளர்கள் சொல்வதும் அதுவே. வெப்பமும் மழையும் உள்ள ஊரில் கல் மிஞ்சும், மரம் மிஞ்சாது. தொல்லியல் என்பது இல்லாததைக் குழியிலிருந்து ஊகிப்பது என்று நான் வகுப்பெடுக்கத் தேவையில்லாமல் போனது.

உள்ளே அருங்காட்சியகத்தில் மணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும், இந்து சமயச் சின்னங்களும் பௌத்தச் சின்னங்களும் இருந்தன. பல நாட்டுக் கப்பல்கள் காற்று மாறுவதற்காகக் காத்திருந்த துறை இது. ஆய்வாளர்கள் பலர் கடாரம் என்பது இந்தக் கெடாதான் என்கிறார்கள். 1025ல் இராசேந்திர சோழனின் கடற்படை வந்து தாக்கியது. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் அதிலிருந்து வந்தது. நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லும் கதை. கணவரும் பெருமையாகத்தான் சொன்னார்.

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பா, அடிக்க வந்தவங்க தமிழங்க. நாம கெடாவுல நிக்கிறோம். நாம மலேசியர். அப்ப நாம எந்தப் பக்கம்?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதச் சொன்னோம். விடைக்கு இடம் விட்டு எழுதினாள். ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை ஒரே வரியில் முடித்துக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை என்று தோன்றியது. சோழர் வருமுன்னும் இங்கே தமிழ் வணிகர்கள் வந்து போனார்கள், வாங்கினார்கள், விற்றார்கள் என்பதை மட்டும் சொன்னேன். "பட்டினப்பாலை"யில் வரும் காழகம் இந்தப் பகுதிதான் என்று கருதுவோரும் உண்டு. படை வந்தது ஒருமுறை. சரக்குக் கப்பல்களோ நூற்றாண்டுகளாக வந்துபோயின.

இந்த இடங்கள் என்றும் இருக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். இதே பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண் சண்டி, வீடமைப்பு நிலத்தைச் சமப்படுத்தும்போது இடிக்கப்பட்டது 2013ல் செய்தியானது. பார்க்க வேண்டியதைப் பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

மிச்சமிருக்கும் கணக்கு

திரும்பும் வழியில் நானும் கணவரும் நீண்ட நேரம் பேசினோம். பயணம் என்னென்ன கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியும். வேலை செய்கிற மனிதர்களிடம் பயமில்லாமல் பேசும் பழக்கம், மூன்று மொழிகளையும் இடமறிந்து எடுக்கும் பழக்கம், ஒன்றின் முன்னால் கால் மணி நேரம் நிற்கும் பொறுமை. மகன் வீட்டில் இப்போது தன் கஞ்சிக் கிண்ணத்தை மங்கு என்கிறான். இவையெல்லாம் மாமியாரின் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில். தமிழ் பல வாய்களிலிருந்து பிள்ளைகளின் காதில் விழ வேண்டும். அதற்கு ஊர் ஊராகப் போவது ஒரு வழி.

ஆனால் பயணத்தில் சந்தித்தவர்கள் எல்லாம் பெரியவர்கள். தமிழில் சண்டை போட்டு, தமிழில் ஏமாற்றி, தமிழிலேயே சமாதானமாகும் வயதொத்த கூட்டம் எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது. அது பள்ளித் திடலில்தான் கிடைக்கும். திண்ணையில் அந்தப் பாட்டி கேட்டதும் காலி நாற்காலியைப் பற்றி மாமியார் கேட்டதும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகின்றன. பிள்ளைக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கும் பிள்ளை வேண்டும்.

மகன் கூட்டம் தேடும் பிள்ளை. அவனை முதலாம் ஆண்டுக்கு வீட்டுக்கு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் பதிவது என்று முடிவு செய்திருக்கிறோம். மகள் இப்போதைக்கு வீட்டிலேயே படிப்பாள். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கும் கோகோ ஆட்டத்துக்கும் போகத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கும் பள்ளி பிடித்தால் அந்தக் கதவும் திறந்தே இருக்கும். இருவரும் வெவ்வேறு வழியில் படிப்பதில் எங்களுக்குச் சங்கடமில்லை.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் இந்தப் பயணத்தைச் செய்யலாம். ஐந்து நாள் வேண்டாம், இரண்டு சனி ஞாயிறு போதும். ஒரு வாரம் கோலகங்சாரும் தைப்பிங்கும், இன்னொரு வாரம் மெர்போக். கரிச்சூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் யாராவது விளக்குவார்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படத்தைவிட நோட்டுப் படம் நல்லது. வரைய நின்றால்தான் குழி கண்ணில் படும். உங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் வளர்ந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். வழிகாட்டிப் பலகையில் இல்லாத பெயர்கள் அவரிடம் இருக்கும்.

எங்கள் அடுத்த பயணத்துக்கு மாமியாரும் வருகிறார். அவர் பிறந்த தோட்டம் சித்தியவானுக்கு அருகே. இப்போது அங்கே செம்பனைதான், லயங்களைப் பிரித்துவிட்டார்கள், கோயில் மட்டும் இருக்கிறது என்கிறார். பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்று நடந்தே காட்டுவாராம். முன்னிருக்கை அவருக்கு. மகள் இப்போதே நோட்டில் கேள்விகளை எழுதத் தொடங்கிவிட்டாள். மகன் நோட்டில் ஒரு பெரிய மரத்தை வரைந்து, அதில் ஒரு மங்கைத் தொங்கவிட்டிருக்கிறான்.